வயதுக்கு ஒரு வரம்பா, பெர்மிக்கு ஒரு வரம்பா?

ரீயூனியன் தீவின் சேன்-ஆந்த்ரே ஊரில் குடியிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. மகனுக்கு 19 வயது, கார் பெர்மி (ஓட்டுநர் உரிமம்) கைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராமை எட்டாதவரை அப்பா ஓட்டலாம். மகனுக்கோ 0.2 எட்டினாலே குற்றம். "ஞாயிற்றுக்கிழமை பிக்னிக்கில் நான் ஒரு கிளாஸ் போட்டுவிட்டு ஓட்டலாம், அவன் கூடாது. வயதைப் பார்த்து ஆளுக்கொரு அளவு வைப்பது சரியா? சரி என்றால், 70 வயதுக்காரர்களுக்கும் தனி அளவு வேண்டாமா?" என்கிறார். கூடவே ஒரு சின்னக் கேள்வி: விடுமுறைக்கு மொரீஷியஸ் போய் வாடகைக் கார் எடுக்கப்போகிறார்கள், அங்கே கணக்கு எப்படி?

ரீயூனியன் தீவின் கிழக்குப் பக்கத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இந்தக் கேள்வியைப் பெற்றோர்கள் வேறு வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். இங்கே சட்டம் வயதைப் பார்ப்பதில்லை, பெர்மியின் வயதைத்தான் பார்க்கிறது. ரீயூனியன் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம், சாலைச் சட்டமும் பாரிசில் இருப்பதுதான். பொதுவான 0.5 வரம்பு 1995-இல் வந்தது. பேருந்து ஓட்டுநர்களுக்கு 2004-இல் 0.2 ஆக்கினார்கள். புதிதாகப் பெர்மி வாங்கியவர்களுக்கு 2015 ஜூலை 1 முதல் அதே 0.2. புதியவர் என்றால், சாதாரணமாகப் படித்துத் தேறியவருக்கு மூன்று வருடம். 15 வயதிலிருந்து வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகித் தேறியவருக்கு இரண்டு வருடம். கார் பின்னால் சிவப்பு ‘ஆ’ எழுத்து வட்டம் ஒட்டியிருக்கிறதே, அந்தக் காலம்தான் இது.

என்னிடம் படித்த ஓர் அம்மா பேரன் பிறந்த பிறகுதான் பெர்மி வாங்கினார். அவருக்கும் மூன்று வருடம் 0.2 தான். இன்னொரு வகையும் உண்டு. தப்பு செய்யும்போதெல்லாம் பெர்மியில் குறைக்கும் புள்ளிகள் எல்லாம் போய், அல்லது நீதிமன்றம் ரத்து செய்து, மறுபடியும் தேர்வு எழுதிப் பெர்மி வாங்கும் 50 வயது ஆள். அவருக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. சட்டத்தின் இந்தப் பக்கம் எனக்குப் பிடித்தது. குடித்து மாட்டிப் பெர்மியை இழந்தவருக்குத் தானாகவே கடுமையான வரம்பு வந்து உட்காருகிறது. சோதனையில் நிறுத்தும் ஜாந்தார்மும் (போலீஸ்காரரும்) முகத்தைப் பார்த்து வயதை மதிப்பிடுவதில்லை. பெர்மி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எந்த வகை வண்டிக்கு எந்தத் தேதியில் கிடைத்தது என்று பார்ப்பார், அவ்வளவுதான்.

அடுத்து, அந்த "ஒரு கிளாஸ்". இதைச் சும்மா விட முடியாது, ஏனென்றால் கேள்வியே அதன் மேல்தான் நிற்கிறது.

பிரான்சில் ஒரு கிளாஸ் என்று அரசாங்கம் சொல்வது 10 கிராம் சுத்த மது. 5 டிகிரி (அதாவது 5 விழுக்காடு மது) பியர் என்றால் 25 சென்டிலிட்டர். 12 டிகிரி வைன் என்றால் 10 சென்டிலிட்டர். 40 டிகிரி சரக்கு என்றால் சுமார் 3 சென்டிலிட்டர். ஒவ்வொன்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 0.20 முதல் 0.25 கிராம் வரை ஏற்றும். புதியவருக்கு 0.2 என்பதன் பொருள் இப்போது புரிந்திருக்கும்: முதல் கிளாசிலேயே வரம்பு போய்விடும். பின் ஏன் நேராகச் சுழியம் என்று எழுதவில்லை? வாய் கொப்பளிக்கும் மருந்து, இருமல் சிரப், ரம் ஊற்றிய கேக் இவற்றால் ஊதிப் பார்க்கும் கருவி கொஞ்சம் காட்டலாம். அதற்காக ஒருவனைத் தண்டிக்கக் கூடாது என்றுதான் அந்தச் சிறு இடைவெளி. அதைக் குடிக்கக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி நம் ஊர் பிக்னிக். எத்தாங்-சலேயில் சவுக்குத் தோப்புக்குள் காலை எட்டு மணிக்கே இடம் பிடித்து, விறகடுப்பில் மர்மீத் (பெரிய சமையல் பானை) ஏற்றி, கறி கொதிக்கும்போதே சம்பூசாவோடு (சமோசா) பாட்டில் வெளியே வரும். சாப்பாடு வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும், வயிறு காலி. ஊற்றுவது யார்? மாமா. அளவு? கண் அளவு. பிளாஸ்டிக் கோப்பையில் இரண்டு விரல் உயரம் என்பது எளிதில் 6 சென்டிலிட்டர். இங்கே பெரும்பாலும் புழங்கும் வெள்ளை ரம் 49 டிகிரி. கணக்குப் போட்டால் அந்த ஒரு கோப்பையில் 23 கிராம் மது, அதாவது அரசாங்கக் கணக்கில் இரண்டு கிளாசுக்கும் மேல். 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் இது 0.47 வரை ஏற்றும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 0.7-ஐத் தொடும். பழமும் வனிலாவும் ஊறப்போட்ட ரம் கொஞ்சம் மென்மையாக இறங்கும், ஆனால் இனிப்பு மதுவை மறைக்குமே தவிரக் குறைக்காது. ஆக, கேள்வி கேட்டவர் "நான் ஒரு கிளாஸ் போட்டுவிட்டு ஓட்டலாம்" என்று நம்பும் அந்தக் கிளாஸ், அவருடைய சொந்த வரம்பின் வாசலிலேயே நிற்கிறது. இரண்டாவது கோப்பை வந்தால் தாண்டிவிடும். உடம்பு அதைக் கரைக்கும் வேகம் மணிக்கு 0.10 முதல் 0.15 வரைதான். காபி, குளியல், கடல், தூக்கம் எதுவும் அதை வேகப்படுத்தாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சட்டம் வரம்பு வைப்பது குடித்த அளவுக்கு அல்ல, ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு. எடை குறைந்தவர், பெண், வயதானவர் என்று உடல்வாகால் வரும் வித்தியாசம் எல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வயது ஏற ஏற உடம்பில் நீர் குறையும். அதே கோப்பை 70 வயதில் கூடுதலாக ஏறும். ஆனால் ஏறியதைத்தான் கருவி அளக்கிறது. எனவே "வயதானவர் உடம்பு வேறு, அதனால் வரம்பும் வேறாக வேண்டும்" என்ற வாதம் நிற்காது. வரம்பு ஆளுக்கு ஆள் மாறலாமா என்று பார்க்க, கேள்வியை இப்படித்தான் போட வேண்டும்: ரத்தத்தில் ஒரே அளவு மது இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் மற்றவரைவிட அதிக ஆபத்தா?

ஆமாம், மிக அதிக ஆபத்து. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுப்பது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல் தானே மோதிச் சாகும் விபத்துகளை எடுத்து, குடிக்காமல் ஓட்டுபவரோடு ஒப்பிட்டால் குடித்தவருக்கு எத்தனை மடங்கு ஆபத்து என்று பார்த்தார்கள். நம் அளவில் சொன்னால் ரத்தத்தில் 0.8 முதல் 1 கிராம் வரை இருக்கும்போது, 35 வயதைத் தாண்டியவர்களுக்கு 11 மடங்கு. 16 முதல் 20 வயது வரையுள்ள பையன்களுக்கு 52 மடங்கு. அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்தப் பையன்களுக்கு 0.2 கிராம் கூடினாலே ஆபத்து இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. புதியவருக்கு வைத்திருக்கும் 0.2 வரம்பு அப்பாவை மட்டும் விட்டுவைக்கும் ஓரவஞ்சனை இல்லை என்று சொல்ல இந்த ஒரு எண்ணே போதும்.

ஏன் அப்படி? பையனின் கல்லீரலில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் கண்ணிலேயே தெரியும். புதிதாக ஓட்டுபவருக்கு எல்லாமே யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. கியர் மாற்றும்போது கண்ணாடியைப் பார்க்க மறப்பார். ரவுண்டானாவில் இடது பக்கம் வரும் வண்டியைப் பார்க்கும்போது வேகத்தைக் குறைக்க மறப்பார். இருபது வருடம் ஓட்டியவருக்குக் கை தானாகவே போகும். மனசு சாலையில் இருக்கும். மது முதலில் தொடுவது எதை? ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கும் திறமையை. அதுதான் புதியவரிடம் ஏற்கெனவே தட்டுப்பாடு. அப்புறம் இளைஞர்கள் குடித்து ஓட்டும் நேரமும் சூழலும் சேர்கிறது: சனிக்கிழமை இரவு இரண்டு மணி, தூக்கம், பின் சீட்டில் மூன்று நண்பர்கள், பாட்டு. சிலாவோஸ் மலைச்சாலையின் நானூறு வளைவுகளும் பகலில், தெளிவாக இருக்கும்போதே என் மாணவர்களின் உள்ளங்கையை வேர்க்க வைப்பவை.

சரி, இதில் வயது எவ்வளவு, அனுபவம் எவ்வளவு? சிக்கலான கேள்வி. எந்த வயதில் பெர்மி வாங்கினாலும் முதல் சில மாதங்களில்தான் விபத்து அதிகம், பிறகு வேகமாக இறங்குகிறது. இது பல நாடுகளில் கண்டது. அது அனுபவத்தின் பங்கு. ஆனால் 18 வயதில் தொடங்குபவர் 40 வயதில் தொடங்குபவரைவிட உயரமான இடத்திலிருந்துதான் இறங்கத் தொடங்குகிறார். அது வயதின் பங்கு. இரண்டும் உண்மை என்பதால்தான் நாடுகளும் இரண்டு விதமாகப் போயிருக்கின்றன.

நியூசிலாந்து நேராக வயதை எடுத்தது: 2011 ஆகஸ்டு முதல் 20 வயதுக்குக் கீழே சுழியம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விவரம் மாறினாலும், 21 வயதுக்குக் கீழே நம் கணக்கில் 0.2-க்கு மேல் எங்கும் விடுவதில்லை. அங்கே 21 வரை மது வாங்கவே முடியாது என்பதால் அந்த எண்ணுக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. ஆஸ்திரேலியா பிரான்ஸ் மாதிரி, பெர்மியின் படியைப் பார்க்கிறது. தென்னாப்பிரிக்கா வயதையும் பார்க்கவில்லை, அனுபவத்தையும் பார்க்கவில்லை. டர்பனில் 18 வயதுப் பையனுக்கும் அவன் தாத்தாவுக்கும் ஒரே 0.5, தொழில்முறை ஓட்டுநருக்கு மட்டும் 0.2. இந்தியாவில் எல்லோருக்கும் 0.3.

எனக்கு மிகவும் ஒழுங்காகத் தெரிவது ஜெர்மனி. 2007 ஆகஸ்டிலிருந்து அங்கே இரண்டு கம்பிகள்: பெர்மி வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்குச் சுழியம், பெர்மி எவ்வளவு பழையதானாலும் 21 வயது ஆகாதவருக்கும் சுழியம். ஏன் இரண்டாவது கம்பி வேண்டும் என்பது நம் ஊர் நிலைமையைப் பார்த்தால் புரியும். 2024 ஜனவரி முதல் பிரான்சில் 17 வயதிலேயே பெர்மி கிடைக்கிறது. வீட்டுப் பெரியவரோடு பழகித் தேறிய பையனுக்கு இரண்டே வருடம்தான் 0.2. ஆக 19 வயது பிறந்த கையோடு அவனுடைய வரம்பு 0.5-க்கு ஏறிவிடலாம். சனிக்கிழமை இரவுக்கு மிகவும் ஆபத்தான வயதில் கயிறு தளர்கிறது. 17 வயதில் கடையில் ஒரு பியர் வாங்க முடியாது, 19-இல் அப்பாவுக்குச் சமமாகக் குடித்து ஓட்டலாம் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பிரான்ஸ் ஜெர்மனியைப் பார்த்து 21 என்ற இரண்டாவது கம்பியையும் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வயதுக்கு வரம்பு வேண்டுமா என்ற கேள்விக்கு நான் "ஆமாம்" என்று சொல்லும் ஒரே இடம் இதுதான்.

மேலே போகும் வயதுக்கு வருவோம். 70 வயதுக்காரருக்குத் தனி வரம்பு வேண்டுமா? வேண்டாம் என்பேன். அவர்களை விட்டுவிடலாம் என்பதற்காகச் சொல்லவில்லை, வரம்பு அங்கே தப்பான கருவி என்பதால் சொல்கிறேன். வயதானவர்கள் இரவில் குறைவாக ஓட்டுகிறார்கள், குடித்துவிட்டு ஓட்டுவதும் இளைஞர்களைவிடக் குறைவு. அவர்களிடம் பயப்பட வேண்டியது மருந்துப் பெட்டி. பிரான்சில் மருந்து அட்டையில் கார் படம் போட்ட முக்கோணம் இருக்கும். மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஓட்டாதே, சிவப்பு என்றால் ஓட்டவே கூடாது. தூக்க மாத்திரையும் சில மனநல மருந்துகளும் ஒரு சின்னக் கிளாஸ் ரம்மோடு சேர்ந்தால், ஊதுகருவி 0.2 காட்டும், ஆளோ 0.8-இல் இருப்பவர் மாதிரி ஓட்டுவார். நம் தீவில் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சர்க்கரையை இறக்கும் சில மருந்துகளோ இன்சுலினோ எடுப்பவர் காலி வயிற்றில் குடித்தால் சர்க்கரை திடீரென்று விழும். வியர்வை, குழறல், தடுமாற்றம். பார்த்தால் குடித்தவர் மாதிரியே இருக்கும், கருவி ஒன்றும் சொல்லாது. இதற்கெல்லாம் 0.2 என்ன செய்யும்? சாதாரணக் கார் பெர்மிக்கு இங்கே வயதானவர்களிடம் கட்டாய மருத்துவச் சோதனை கிடையாது. பழைய ரோஸ் நிற மூன்று மடிப்புப் பெர்மியே 2033 வரை செல்லும். 80 வயதுத் தாத்தாவின் கண்ணை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் மது வரம்பைக் குறைப்போம் என்றால், வலிக்கும் பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய கதைதான்.

இப்போது கேள்வி கேட்டவரின் மனதில் இருக்கும் அசல் வருத்தம். அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்பதில் இருக்கும் அநியாயம். என் பார்வையில் அநியாயம் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கும் பக்கத்தில் இல்லை. 0.2 மகனுக்குக் கடுமை என்பது பிரச்சினையே அல்ல; 0.5 அப்பாவுக்குத் தாராளம் என்பதுதான் பிரச்சினை. இரண்டு அளவு வைத்தால் பையன் கற்றுக்கொள்வது என்ன? குடிக்காமல் ஓட்டுவது சின்னப் பசங்களுக்கான விதி. பெரிய ஆள் ஆனதும் ஒரு கிளாஸ் போடலாம். மூன்று வருடம் முடிந்த நாளை என் மாணவர்கள் சிலர் விருந்து வைத்துக் கொண்டாடுகிறார்கள். என்ன விருந்து என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் எனக்குத் தேர்வு கொடுத்தால் எல்லோருக்கும் 0.2 என்பேன். ஸ்வீடன் 1990 முதல் அப்படித்தான் வைத்திருக்கிறது. பக்கத்துத் தீவும் அப்படித்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். "நம் ஊரில் ரம் இல்லாமல் ஞாயிறு உண்டா?" என்பார்கள். தீமிதிக்கும் காவடிக்கும் விரதம் இருக்கும் நாள்களில் மீன், கறி, மது எதையும் தொடாமல் வாரக்கணக்கில் இருக்கும் அதே மனிதர்கள்தானே நாம்? கோயிலுக்காக முடிகிறது, வண்டிச் சாவிக்காக ஒரு மத்தியானம் முடியாதா?

இதற்கு எதிராக ஒரு நல்ல வாதம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாவில் முடியும் மது விபத்துகளில் பெரும்பாலான ஓட்டுநர்களின் ரத்தத்தில் இருப்பது 0.3-ஓ 0.4-ஓ அல்ல. ஒன்றரை, இரண்டு கிராம் என்று இருக்கும். அவர்கள் 0.5 வரம்பையே மதிக்காதவர்கள், அதை 0.2 ஆக்கினால் மட்டும் மதித்துவிடுவார்களா? பிரான்சில் சாலைச் சாவுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் மது இருக்கிறது. 1995-க்குப் பிறகு வரம்பு கடுமையாகிக்கொண்டே வந்தும் இந்தப் பங்கு பிடிவாதமாக அப்படியே நிற்கிறது. அந்த வகை ஆளை எண் தடுக்காது. சோதனை தடுக்கும், வண்டியைப் பறிமுதல் செய்வது தடுக்கும், ஊதினால்தான் என்ஜின் கிளம்பும் கருவி தடுக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வரம்பைக் குறைப்பதில் வேறு ஒரு லாபம் இருக்கிறது: "எனக்கு எவ்வளவு வரை ஆகும்?" என்ற கணக்கே ஒழிந்துபோகிறது. மாமா ஊற்றிய கோப்பையில் எத்தனை கிராம் என்று யாராலும் கண்ணால் சொல்ல முடியாது. அப்படியொரு கணக்கை மனிதர்களிடம் விட்டதுதான் 0.5-இன் அடிப்படைத் தப்பு.

கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. 2012-இல் ஒவ்வொரு காரிலும் ஓர் ஊதுகுழாய் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டார்கள். இல்லாதவருக்கு அபராதம் எதுவும் வைக்கவில்லை. 2020-இல் ஆணையையே எடுத்துவிட்டார்கள். அந்தக் கூத்து முடிந்தாலும் கருவி நல்லதுதான். 2021 ஜூலை முதல் மது விற்கும் கடைகள் அலமாரிக்குப் பக்கத்திலேயே இதை வைத்து விற்க வேண்டும். மகனுக்கு வாங்கினால் அட்டையில் 0.2 என்று போட்டதைப் பார்த்து வாங்குங்கள். 0.5-க்கு ஆனதை வாங்கி ஊதி, "நிறம் மாறவில்லை" என்று கிளம்பியவர்கள் உண்டு. குடித்து முடித்து அரை மணி நேரமாவது கழித்து ஊத வேண்டும். சாப்பாட்டோடு குடித்தால் உச்சம் வர ஒரு மணி நேரம் ஆகலாம்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன் ஐயா. முதல் வருடத்தில் அவன் பெர்மியில் இருப்பது 6 புள்ளிகள்தான். 0.2-க்கும் 0.8-க்கும் நடுவே மாட்டினால் 135 யூரோ அபராதம், 6 புள்ளி போகும். அதாவது பெர்மியே போகும். ஆறு மாதம் காத்திருந்து, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. புதிய மூன்று வருடம் வேறு. ஒரு வருடம் சுத்தமாக முடித்திருந்தால் 8 புள்ளி இருக்கும், மாட்டினால் 2 மிஞ்சும், கட்டாயப் பயிற்சி வகுப்பும் உண்டு. நீங்கள் 0.5-க்கு மேல் மாட்டினாலும் அதே 135, அதே 6 புள்ளி. 12-இல் 6 போவதால் நீங்கள் தொடர்ந்து ஓட்டுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 0.8-ஐத் தொட்டால் இருவருக்கும் ஒரே நீதிமன்றம். காப்பீடு எதிராளிக்குப் பட்ட நஷ்டத்தைக் கொடுக்கும், உங்கள் காருக்குக் கொடுக்காது. அடுத்த வருடத் தவணையும் ஏறும். இன்னொன்று: தம்பியோ தங்கையோ 15, 16 வயதில் உங்களைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பழகினால், பக்கத்து சீட்டில் இருக்கும் உங்களையும் ஊதச் சொல்லலாம். துணைக்கு உட்காருபவரும் சட்டத்தின் கண்ணில் ஓட்டுநர் மாதிரிதான். "நான் ஓட்டவில்லையே" என்பது அங்கே செல்லாது.

பிக்னிக்கைப் பொறுத்தவரை என் யோசனை எளிது. யார் திரும்ப ஓட்டுவது என்று பாட்டில் திறக்கும் முன்பே, காலையில் அடுப்பு மூட்டும்போது பேசிவிடுங்கள். மகன் தலையில் ஒவ்வொரு வாரமும் கட்டாதீர்கள். "அவன்தான் எப்படியும் குடிக்கக் கூடாதே" என்று வீட்டின் நிரந்தர டிரைவராகிவிட்ட பையன்களை எனக்குத் தெரியும். அவன் ஓட்டிவரும் காரில் எட்டு மணி நேரம் வெயிலில் கிடந்த களைப்பும் பின் சீட்டில் பாடும் சித்தப்பாவும் இருப்பார்கள் என்பதையும், அவன் பெர்மிக்கு இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் உங்கள் மனைவி என்று மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸ் கேள்விக்குப் பதில். அங்கே 2018-இல் வரம்பை நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு என்று பேரம் பேசாமல் ஒரே வெட்டில் குறைத்தார்கள்: 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமாக இருந்தது 20 ஆனது. நம் கணக்கில் 0.5-லிருந்து 0.2. மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம். இங்கே புதியவருக்கு வைத்திருப்பதைவிட ஒரு மயிரிழை குறைவு. வயது, பெர்மி வாங்கிய தேதி எதையும் பார்ப்பதில்லை. அங்கே இடது பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால், இருபது வருடம் ஓட்டியவரும் முதல் இரண்டு நாள் புதியவர் மாதிரிதான். ரவுண்டானாவில் கை தப்பான பக்கம் போகும். வாடகைக் கம்பெனிகள் பல, ஓட்டுபவருக்குக் குறைந்த வயது என்று ஒன்று வைத்திருக்கும், பெர்மி இத்தனை காலம் பழையதாக இருக்க வேண்டும் என்றும் கேட்கும். மகன் பெயரையும் ஓட்டுநராகச் சேர்க்க நினைத்தால் முன்பதிவுக்கு முன்பே ஒப்பந்தத்தில் அதைப் படித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த வாரம் முழுக்க ஓட்டப்போவது நீங்கள்தான், 0.2 வரம்போடு.